வேட்டுவர் மறைவும் நரி வேட்டையும்

பள்ளியில் திருக்குறட் பாடம் நடத்தி வருங்கால், கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தை அடையுந்தோறும் மாணாக்கரிடையே ஒரு சலசலப்பு எழுவது வழக்கம். தவவேடத்துள் மறைந்து தீயன செய்வானுக்கு, புதர் மறைவில் நின்று பறவைகளைப் பிணிக்கும் வேட்டுவனை உவமை கூறினார் வள்ளுவனார். "ஐயா, அந்தத் தவசி பொய்யன் என்பது சரி. வயிற்றுப்பாட்டுக்காக ஒளிந்து நிற்கும் வேடனும் பொய்யனா?" என்று சென்ற ஆண்டு ஒரு சிறுவன் எழுந்து கேட்டான். உவமையாவது ஒருபுடை ஒப்புமையே என்று இலக்கணம் கூறி அவனை அமர்த்தினேன். அமர்த்தினேனேயன்றி விடை கூறினேனல்லேன். அவன் வினா என்னை விட்டு நீங்காமல் உடன் வந்தது. அதற்கு விடை தேடிப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மறைந்து நின்று எய்தல் என்றவுடன் காரைக்குடிப் பக்கத்தார்க்கு முதற்கண் நினைவில் எழுவது வாலி வதையே. 1939-ஆம் ஆண்டு கம்பனடிப்பொடி சா. கணேசனார் இந்நகரில் கம்பன் கழகத்தை நிறுவிய நாள்முதல் மேடைகளிற் பன்முறை வாதிக்கப்பெற்ற பொருள் அது. வான்மீகத்தில் இராமனே வாலிக்கு மறுமொழி கூறுங்கால், மனிதர் வலையாலும் கண்ணியாலும் மறைவில் நின்றும் விலங்குகளைப் பிடிப்பர், அதிற் குற்றமில்லை என்பான். கம்பனோ அவ்விடையை இலக்குவன் வாயில் வைத்து வேறுவகையாக அமைத்தான். எதிரே வந்தால் வாலியும் அடைக்கலம் புகுவான், ஆதலின் மறைந்து நின்றான் என்பது அவன் கூற்று. இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. வீரனுக்கு வினாவாகிய மறைவு, வேடனுக்குத் தொழிலின் இயல்பு என்பதை ஆதிகவியே ஒப்பினார் என்ற அளவே நமக்குப் போதும்.

நிற்க. அத்தொழில் நம் நாட்டில் எத்துணைப் பழமையுடையது என்பதற்குச் சங்க நூல்களே சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாலை நிலத்து எயினர் வேட்டை கூறப்பெறுகின்றது. கோடையில் விலங்குகள் நீர் உண்ண வரும் வழியில் குழி அகழ்ந்து, அக்குழியினுள் உடலை ஒடுக்கி, நள்ளிரவில் காட்டுப்பன்றியின் வரவை நோக்கி அவர் காத்திருப்பர். அவ்விரவு வேட்டை வாய்க்காதாயின், பகலில் நாய்களுடன் சென்று வேலி இடைவெளிகளில் வலை மாட்டி முயல் பிடிப்பர். அவர் குடில் முற்றத்தில், விளாமர நிழலில், பழக்கிய மான் ஒன்று கட்டப்பெற்றிருக்கும் என்றும் புலவர் கூறுகின்றார். காட்டு மானை அருகே வருவிக்க அதனைக் கொண்டு நிறுத்துவர். அத்தகைய விலங்கிற்குப் 'பார்வை' என்பது பெயர். கண்ணின் தொழிலுக்கும் கண்ணை மயக்கும் விலங்கிற்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர், வேட்டையென்பது பார்த்தலும் பார்க்கப்படாமையுமாகிய இரண்டன் கூட்டு என்பதை நன்கு அறிந்திருந்தனர் போலும்.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் மனத்திற் கொள்ளத்தக்கது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காகப் புனவன் பெருங்கல்லைச் சிறு பொறியால் தாங்கி நிறுத்துவான். அதற்கு அடார் என்பது பெயர். பன்றிக்கு வைத்த அடாரில் புலி அகப்பட்டதாக நற்றிணைச் செய்யுள் ஒன்று கூறும். குழியில் இருந்த எயினன் வருவது இன்னதென்று கண்டபின்னரே கணை தொடுத்தான். அடாருக்கோ கண் இல்லை. மறைந்திருப்பவன் காண்பான், பொறி காணாது. இவ்வேறுபாடு சிறிதன்று என்பது பின்னர் விளங்கும்.

மறைவின் மூன்று கூறுகள்

புதரின் பின் உட்கார்ந்துவிட்டால் மறைவு முற்றிற்று என்று நகரத்தார் நினைத்தல் கூடும். வேட்டையறிந்தார் அங்ஙனம் கூறார். விலங்கின் கண்ணுக்கும், மூக்கிற்கும், செவிக்கும் தனித்தனியே மறைதல் வேண்டும் என்பர்.

கண்ணுக்கு மறைதலாவது பெரும்பாலும் அசையாதிருத்தல். நாய், நரி முதலிய இனத்தனவற்றிற்கு மனிதர்போல் நிறங்களைப் பலவாகப் பகுத்துணரும் ஆற்றல் இல்லை. ஆயின் அசைவை மிக நுட்பமாகக் காணும். பச்சையாடை உடுத்து அசைபவனைவிட அழுக்காடையுடன் கல்லாய் இருப்பவனே மறைந்தவனாவான். வெள்ளை வேட்டியும், மின்னும் கைக்கடிகாரமும், நிலவொளியில் விளங்கும் முகமுமே காட்டிக் கொடுப்பன.

மூக்கிற்கு மறைதல் அதனினும் அரிது. காற்று எப்பக்கம் வீசுகின்றதென அறிந்து, விலங்கு வரும் திசையிலிருந்து நம்மேற் காற்று வருமாறு இடம் தேர்தல் வேண்டும். ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடையே சொரிந்தால் காற்றின் போக்குப் புலனாகும். மனித வாடை நரியின் மூக்கில் ஒருமுறை பட்டதாயின், அன்றிரவு அவ்வழி வாராது.

செவிக்கு மறைதல் இருவகைத்து. வாய் அடங்கியிருத்தல் ஒன்று. மற்றொன்று, மனிதக் குரலை விலங்கின் குரலுக்குள் மறைத்தல். இரண்டாவதே இக்கலையின் உச்சி. ஏனையோர் உடலையே மறைப்பர். இவர் தம் குரலால் விலங்கைத் தாமிருக்கும் இடத்திற்கே அழைப்பர்.

நம் நாட்டுக் காடுகள்

இக்காலத்துக் காரைக்குடியையும் தேவகோட்டையையும் கண்டவர், இவ்வட்டகை ஒருகாலத்து அடர்ந்த காடாயிருந்ததென நம்புதல் அரிது. சிவகங்கைச் சீமையின் தலைவராயிருந்த மருது சகோதரரை நேரிற் பழகியறிந்த வெள்ளைத் தளகர்த்தர் ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நினைவு நூலில், மூத்தவரான பெரிய மருது ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டு வேட்டையிலேயே பொழுது போக்கினாரென எழுதியுள்ளார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்பதும் அவர் கூற்று. வளரி, முயல் முதலியவற்றை வீழ்த்தும் வளைந்த எறிகோல். அதுவே போர்க்களத்திலும் பயன்பட்டது.

வேடர் அறிந்த மறைவு படைஞர்க்கும் துணையாயிற்று. 1801-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி செய்யப் புகுந்த கும்பினிப் படை, ஏறத்தாழ ஒரு மாதம் உழன்றும் எண்ணியது முடியாமற் பின்வாங்கிற்று. புதர்தோறும் கண்ணுக்குப் புலப்படாத வீரர் இருந்தமையே காரணம். பின்னர் அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். காடு போயிற்று, புலியும் போயிற்று. எஞ்சியது நரி.

நரி இம்மண்ணுக்குப் புதியதன்று. நம் பக்கத்துத் திருப்பெருந்துறையைச் சார்ந்து வழங்கும் மாணிக்கவாசகர் வரலாற்றில், நரிகள் பரிகளாகி மதுரை சென்று, இரவில் மீண்டும் நரிகளாயின. கண்மாய்க் கரையில் வளை தோண்டி வாழ்ந்து, அந்திக்குமேல் வயல்வெளியில் நண்டும் எலியும் தின்று, கிடையிற் குட்டி கிடைத்தால் அதனையும் தூக்கிச் செல்லும் இயல்பினது அது. ஆட்டுக்காரனுக்குப் பகையும், வரப்பை நண்டு துளைக்கக் கண்டு வருந்தும் உழவனுக்கு நட்பும் ஆகிய இரட்டைத் தன்மை அதற்கு உண்டு.

பரண்மேல் இருந்தோரும் தரைமேல் இருந்தோரும்

வெள்ளையர் ஆட்சியில், கொடுவிலங்கு வேட்டை என்றால் பரண் என்பதே நினைவுக்கு வரும். மரக்கிளையிற் பரண் கட்டி, கீழே ஆட்டையோ எருமைக் கன்றையோ கட்டி, இரவெல்லாம் இமையாது காத்திருப்பர். வடநாட்டில் ருத்ரபிரயாகையைச் சூழ்ந்த மலையூர்களில் 1918 முதல் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை, ஜிம் கார்பெட் என்பார் 1926-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மாமரத்திற் பல இரவுகள் காத்திருந்து வீழ்த்தினார். அவரே 1938 நவம்பரில் தக் என்னும் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை, தாமே புலிபோற் குரல் கொடுத்து அருகே வருவித்துச் சுட்டார். தென்னாட்டில், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்துள் அடங்கிய ஜவளகிரியில், பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் செய்ததும் அஃதே. ஆண்புலியின் குரலைத் தாம் எழுப்பி, துணையிழந்த ஆட்கொல்லிப் பெண்புலியைத் தம்மிடம் வரச்செய்தார். இவ்விருவர் நூல்களும் உலகெங்கும் படிக்கப்பெறுகின்றன. அவர்தம் துணிவும் பொறுமையும் போற்றத்தக்கனவே.

ஆயின் அதே கலையைப் பரணும் துப்பாக்கியும் இன்றித் தரைமேல் இருந்து செய்த ஒரு கூட்டத்தார் நம் ஊரெல்லைகளிலேயே இருந்தனர். அவரே குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் வழங்கப்பெறுவோர். வீட்டில் 'வாக்ரிபோலி' என்னும் வட இந்திய மொழிக்குடும்பத்தைச் சார்ந்த பேச்சும், வெளியில் தமிழும் பேசுவோர். ஊசியும் பாசிமணியும் விற்று ஊர் ஊராய்ச் செல்வோர்.

சென்னை அரும்பொருட்காட்சிச்சாலைத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், கே. ரங்காசாரியார் துணையுடன் 1909-ஆம் ஆண்டு 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், இவரது நரி வேட்டையைக் குறித்துள்ளார். புதரோரம் நீண்ட வலை கட்டப்பெறும். அதனருகே ஒருவன் தடியுடன் பதுங்கியிருப்பான். மற்றொருவன் நரியின் ஊளையைச் சிறிதும் வேறுபாடின்றி எழுப்புவான். என்ன நேர்ந்ததோ எனக் காண ஓடிவரும் நரி வலையிற் சிக்கும்; தடி அதன்மேல் விழும். கார்பெட்டும் ஆண்டர்சனும் புலிக்குச் செய்ததை இவர் நரிக்குச் செய்தனர். அவர்க்குப் புகழ் கிடைத்தது. இவர்க்கு ஒரு வேளைச் சோறு கிடைத்தது.

இக்கலை நம்மவர்க்கே உரியதுமன்று. மராட்டிய நாட்டுப் பார்தியருள் ஒரு பிரிவினர் பழக்கிய பசுவின் பின் மறைந்து மானை அணுகுவர். வட அமெரிக்கப் பழங்குடியினர் ஓநாய்த் தோலைப் போர்த்துத் தவழ்ந்து எருமைக் கூட்டத்தை நெருங்கியதை ஜார்ஜ் கேட்லின் என்னும் ஓவியர் 1830-களில் வரைந்து வைத்துள்ளார். அந்நாட்டில் நம் நரிக்கு நெருங்கிய உறவாகிய 'கொயோட்டி' என்னும் விலங்கு உண்டு. அடிபட்ட முயலின் அலறலை ஊதுகுழலால் எழுப்பி, காற்றுக்கு எதிர்முகமாகப் புதரோடு புதராய் அமர்ந்து அதனை வருவிப்பர். ஆட்டுப்பண்ணையார் பொருட்டு அதனைப் பெருந்தொகையாக நஞ்சிட்டும் கொன்றனர். நஞ்சு, கழுகென்றும் நாயென்றும் பாராமற் கொல்வது கண்டு, 1972-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் நிக்சன் அரசாங்க நிலங்களில் அதனைத் தடுத்தார். அத்தடை பின்னர்த் தளர்ந்தது. இத்தனைக்கும் கொயோட்டி அழிந்ததா எனின், இல்லை. முன்னில்லாத இடங்களிலும் பரவியுள்ளது.

ஓர் இரவு

இனி, நான் நேரிற் கண்டதொன்றைக் கூறுவேன். 1980-களின் இறுதி. எனக்கு வயது பத்திருக்கும். எங்களூர் ஊருணிக்கு அப்பாலுள்ள புளியமரத்தடியில் நரிக்குறவர் நான்கைந்து குடும்பத்தார் கூடாரம் இட்டிருந்தனர். அந்த வாரத்தில் மூன்று வீடுகளில் கோழிகள் காணாமற் போயின. ஊரார் ஆராய்ச்சி செய்யவில்லை, தீர்ப்பே செய்துவிட்டனர். போலீசுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்றும், அதற்கு முன் கூடாரத்தைப் பிரித்தெறியவேண்டும் என்றும் பேச்சு நடந்தது.

அக்கூட்டத்து முதியவர் ஒருவர் என் பாட்டனாரிடம் வந்தார். நாங்கள் பாட்டனாரை ஐயா என்றழைப்போம். முதியவர் திண்ணைக்குக் கீழே நின்றபடி, "ஒரு ராத்திரி எங்கூட ஒக்காருங்க சாமி. அப்பறம் போலீசக் கூப்பிடுங்க" என்றார். ஐயா சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றார். அழுது பிடித்து நானும் உடன் சென்றேன்.

கோழி போன வீடொன்றின் பின்கட்டில், இடிந்த சுவரை நோக்கியவாறு, வைக்கோற்போரின் அடியில் எங்களை அமர்த்தினார் முதியவர். புழுதியைச் சொரிந்து காற்றுப் பார்த்து ஒருமுறை இடம் மாற்றினார். ஐயாவின் வெள்ளைத் துண்டையும் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார், புகையிலையை வேண்டாமென்றார். ஆட்டுவாடை வீசும் பழஞ்சாக்குகளை எங்கள்மேற் போர்த்தினார். பிறகு அவர் இருந்த இடமே தெரியவில்லை. அருகில் இருந்த எனக்கே அவர் மூச்சு விடுகின்றாரா என்ற ஐயம் எழுந்தது.

நள்ளிரவுக்கு மேல் கண்மாய்ப் பக்கம் ஊளை கேட்டது. முதியவர் இரு கைகளையும் வாயருகே குவித்து, தாழ்ந்த குரலில் ஒரேயொருமுறை விடை கொடுத்தார். என் மயிர் சிலிர்த்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பின்னர் இடிந்த சுவர்மேல் ஒரு நிழல் தோன்றி நின்றது, அதன்பின் மற்றொன்று. முதலது உள்ளே இறங்கிற்று. கோழிக்கூட்டில் ஒரு படபடப்பு, அவ்வளவே. கோழியை வாயிற் கவ்வியபடி நரி சுவரேறியது. கூவ முயன்ற ஐயாவின் கையை முதியவர் அழுத்திப் பிடித்துக் கொண்டார். விடிந்தபின் தடம் பற்றிச் சென்றோம். கண்மாய்க் கரையில் ஒரு வளை. அதன் வாயிலில் மூன்று நிறத்து இறகுகள் கிடந்தன.

ஊரார் யாவரும் வந்து கண்டனர். ஒருவரேனும் அம்முதியவரிடம் தவறு செய்தோம் என்று கூறவில்லை. பேச்சை மாற்றிக் கலைந்தனர். ஐயா மட்டும் ஒரு மரக்கால் அரிசி கொடுத்தார். பெற்றுக் கொண்ட முதியவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: "தொரை ஒளிஞ்சா வேட்டைன்னு சொல்றீங்க சாமி. நாங்க ஒளிஞ்சா திருட்டுன்னு சொல்றீங்க." மூன்றாம் நாள் புளியமரத்தடி வெறுமையாய் இருந்தது.

முடிவாக

நரி வேட்டைக்கு இன்று இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துள்ளது. தடுத்ததும் நன்றே. நரி குறைந்த வயல்களில் எலி பெருகும். நரிக்கொம்பு என்று பெயரிட்டு விற்கப்படும் பொருளை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்னும் மூடநம்பிக்கையை நம்மவர் விடுவதும் கடன். வாங்குவார் இருக்கும்வரையன்றோ விற்பார் இருப்பர்!

ஆயின் வேட்டை நின்றதனால் கொலை நின்றுவிடவில்லை. பன்றிக்கென வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி இந்நாளைய அடாராக விளங்குகின்றது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இத்தகைய கம்பியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரு கன்றுகள் தாயிழந்து நின்றன. குழியிலிருந்த எயினன் கண்டு எய்தான். கம்பி இட்டவனோ வீட்டில் உறங்கினான். எது வஞ்சகம் என்பதை நேயர்களே துணிக.

மறைந்திருக்கும் கலை வேறொரு வடிவில் உயிர் வாழ்கின்றது. 1927-ஆம் ஆண்டிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி, விலங்கு மிதித்தால் தானே படமெடுக்கும் கருவியால் எடுத்த புலிப் படங்களை நூலாக வெளியிட்டார். நம் திருநெல்வேலியிற் பிறந்தவரும் அ. மாதவையரின் மைந்தருமாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) காடுகளிற் காத்திருந்து படமெடுத்தும் எழுதியும் விலங்குகளை நமக்கு அறிமுகம் செய்தார். அசையாமை, காற்றறிதல், வாயடக்கம் ஆகிய மூன்றும் அவர்க்கும் வேண்டியவையே.

மறைவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. மறைந்திருப்பவன் எதன் பொருட்டு மறைகின்றான், கண்டபின் என் செய்கின்றான் என்பனவே அதனை நன்றும் தீதும் ஆக்குவன. வள்ளுவர் இகழ்ந்தது தவவேடத்தானை, வேடனை அன்று. அச்சிறுவனுக்கு நான் கூறக் கடமைப்பட்ட விடை இது.

நமக்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால், தமிழ்நாட்டு நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பெற்றனர். சட்டம் தந்தது சான்றிதழ். நம்பிக்கை ஊரார் தரவேண்டுவது. நம் ஊர்ப் புளியமரத்தடியில் மறுபடியும் கூடாரம் எழுந்து, அவ்வாரத்தில் எவர் வீட்டிலேனும் ஒரு கோழி குறையுமாயின், தீர்ப்புரைக்குமுன் ஓர் இரவு விழித்திருந்து பார்ப்போமாக. அவர்தம் பிள்ளைகளை நம் பள்ளிகளில் முன்வரிசையில் அமர்த்துவோமாக. அன்று என் ஐயாவின் ஊரார் கூறாது விட்ட ஒரு சொல்லை, நாமேனும் கூறியதாகட்டும்.